கூடைப்பந்துப் பருவங்களை ஒப்பிடும் கணக்கு

ஆசியான் கூடைப்பந்து லீக்கின் 2014ஆம் ஆண்டு இறுதிச் சுற்றில், தாய்லாந்தின் ஹைடெக் பாங்காக் சிட்டி அணியிடம் இரண்டு ஆட்டங்களையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்து வெறுங்கையோடு நின்ற வெஸ்ட்போர்ட்ஸ் மலேசியா டிராகன்ஸ் அணி, அதற்கடுத்து நடைபெற்ற 2015-16ஆம் பருவத்தின் இறுதிச் சுற்றில் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் அணியோடு ஐந்து ஆட்டங்கள் வரை போராடி, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வென்று, 2009இல் அந்த லீக் தோன்றிய நாள்முதல் மலேசியாவுக்குக் கிட்டாதிருந்த வெற்றிக் கிண்ணத்தை முதன்முறையாகக் கைப்பற்றியது. முந்திய பருவத்தில் தோல்வி, பிந்திய பருவத்தில் ஜயம். ஆகையால் அணி முன்னைவிட மேம்பட்டுவிட்டது என்று முடிவு கட்டுவது மனித சுபாவம். அந்த முடிவு சரியாகவே இருக்கலாம். ஆயினும் ஓர் அணியின் இவ்வாண்டுப் பருவத்தைச் சென்ற ஆண்டுப் பருவத்தோடு ஒப்பிட முற்படும்போது, கிண்ணத்தையும் வெற்றி எண்ணிக்கையையும் தாண்டி எதையெதைப் பார்க்க வேண்டும் என்பதற்குக் கடந்த எழுபது எண்பது ஆண்டுகளில் ஒரு தெளிவான கணித முறையே உருவாகிவிட்டது. அதை விளையாட்டில் பிரியமுள்ள நம் வாசகர்கள் அறிந்துகொள்வது அவசியம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

கூடைப்பந்து என்றால் அது நமக்கு அந்நியமான ஆட்டம் என்று நினைக்கும் தமிழர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் பலர் இருக்கிறார்கள். ஆனால் டிராகன்ஸ் அணியின் பெயருக்கு முன்னால் நின்ற வெஸ்ட்போர்ட்ஸ் என்பது, கிள்ளானை அடுத்த புலாவ் இண்டாவில் உள்ள துறைமுகம். அதன் நிர்வாகத் தலைவராக நெடுங்காலம் விளங்கி 2023இல் காலமான டான் ஸ்ரீ ஞானலிங்கம் நம்மவர். அணியின் ஆரம்ப காலத்தில் அதற்காகவும் தேசிய அணிக்காகவும் ஆடிய சத்தியசீலன் குப்புசாமி, குகனேஸ்வரன் பத்துமலை என்னும் இருவரும் நம்மவரே. பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கே.எல். சென்ட்ரலில் மோனோரெயில் ஏறி, அங்கிருந்து இரண்டாவது நிலையமான மகாராஜாலேலாவில் இறங்கிச் சிறிது நடந்தால், ஜாலான் ஹாங் ஜெபாட்டில் மலேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் மாபா அரங்கம் வந்துவிடும். டிராகன்ஸ் தன் சொந்த ஊர் ஆட்டங்களை ஆடியது அங்கேதான். அதே பிரிக்பீல்ட்ஸில், ஜாலான் பாடாங் பெலியாவில், 1905இல் தோன்றிய கோலாலம்பூர் ஒய்.எம்.சி.ஏ. இருக்கிறது, இந்த ஆட்டமோ 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் கண்டுபிடித்தது. சென்னையில் 1920இல் ஹாரி குரோ பக் நிறுவிய உடற்பயிற்சிக் கல்லூரியும் ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்ததே. ஆக, தமிழர் குடியிருப்புகளுக்கும் இந்த ஆட்டத்துக்கும் உள்ள பந்தம் நாம் எண்ணுவதைவிட மிகப் பழையது.

இனி கணக்குக்கு வருவோம். 2014, 2015-16 ஆகிய இரண்டு பருவங்களிலும் லீக்கில் ஆறு அணிகள் இருந்தன. ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்து அணிகளோடு நான்கு நான்கு முறை மோதியதால், முதற்சுற்றில் ஓர் அணிக்கு 20 ஆட்டங்கள். இந்த இருபது என்ற எண்தான் எல்லாச் சங்கடத்துக்கும் மூலம். பத்து ஆட்டங்களில் ஆறை வெல்லத்தக்க உண்மையான பலம் ஓர் அணிக்கு இருப்பதாகவும், அந்தப் பலம் ஆண்டுக்கு ஆண்டு அணுவளவும் மாறுவதில்லை என்றும் வைத்துக்கொண்டால், அது சராசரியாக 12 ஆட்டங்களை வெல்லும். ஆனால் சராசரி என்பது ஒவ்வொரு பருவத்திலும் தவறாமல் கிடைப்பதன்று. கடைசி விநாடியில் எறிந்த பந்து வளையத்தின் விளிம்பில் உருண்டு உள்ளே விழுவதும் வெளியே விழுவதும், எதிரணியின் முக்கிய ஆட்டக்காரர் கணுக்கால் சுளுக்கி அன்றைக்கு உட்கார்ந்துவிடுவதும், நடுவரின் ஒரு விசிலும் சேர்ந்து, அந்த எண்ணிக்கையை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருக்கும். நிகழ்தகவுக் கணிதம் இந்தத் தள்ளாட்டத்தை அளந்து சொல்கிறது: 20ஐ 0.6ஆலும் 0.4ஆலும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால், சற்றேறக்குறைய 2.2. அதாவது, எந்த மாற்றமும் இல்லாத அதே அணி ஓர் ஆண்டு 10 ஆட்டங்களையும் மற்றோர் ஆண்டு 14 ஆட்டங்களையும் வெல்வது ஆச்சரியத்துக்குரிய விஷயமே அன்று.

இரண்டு பருவங்களின் வித்தியாசத்தைப் பார்க்கும்போது தள்ளாட்டம் இன்னும் பெரிதாகிறது. ஏனெனில் இரு பக்கமும் அதிர்ஷ்டம் கலந்திருக்கிறது. 2.2ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 3.1 வருகிறது. பலம் துளியும் மாறாத ஓர் அணியின் வெற்றி எண்ணிக்கை, ஒரு பருவத்துக்கும் அடுத்த பருவத்துக்கும் இடையே மூன்றோ அதற்கு மேலோ மாறுவதற்கு ஏறக்குறைய பத்தில் நான்கு பங்கு வாய்ப்பு உண்டு. சென்ற ஆண்டு 11 வெற்றி, இவ்வாண்டு 14 வெற்றி என்று மார்தட்டுகிறவர்களும், 14இலிருந்து 11க்கு இறங்கியதற்காகப் பயிற்றுநரை வீட்டுக்கு அனுப்புகிறவர்களும், பல வேளைகளில் வெறும் தற்செயலுக்கே மாலையும் தண்டனையும் வழங்குகிறார்கள். அதனால் வேலை இழக்கும் மனிதரை நினைத்தால் இது சிறிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

இறுதிச் சுற்றைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். 2014இல் இரண்டு ஆட்டங்களை முதலில் வென்றவருக்குக் கிண்ணம். 2016இல் மூன்று ஆட்டங்களை முதலில் வென்றவருக்கு. ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்ல நூற்றுக்கு 60 வாய்ப்புள்ள அணி, மூன்று ஆட்டத் தொடரில் கிண்ணம் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 65. ஐந்து ஆட்டத் தொடரில் 68. ஏழு ஆட்டத் தொடரில் 71. சிறந்த அணிக்கும்கூட மூன்று ஆட்டத் தொடரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகத் தோல்வி காத்திருக்கிறது என்னும்போது, 2014ஆம் ஆண்டுத் தோல்வியை மட்டும் சாட்சியாக வைத்து அந்த அணியைத் தாழ்ந்தது என்று தீர்ப்பளிப்பது நியாயமாகாது.

தற்செயலுக்கு அடுத்தபடியாக ஒப்பீட்டைக் குழப்புவது ஆட்டத்தின் வேகம். ஓர் அணி சென்ற ஆண்டு ஆட்டத்துக்குச் சராசரி 80 புள்ளிகளும் இவ்வாண்டு 88 புள்ளிகளும் எடுத்தால், தாக்குதல் திறன் வளர்ந்திருக்கிறது என்று எழுதிவிடுவது பத்திரிகை வழக்கம். புள்ளிகளை மட்டும் எண்ணிவிட்டு வேகத்தை மறப்பது, கடையில் கல்லாப் பணம் கூடியதைக் கண்டு மகிழ்ந்து விலைவாசி ஏறியதை மறப்பதற்கு ஒப்பாகும். அமெரிக்காவில் 1950 நவம்பர் 22ஆம் தேதி ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ் அணி, மினியாபோலிஸ் லேக்கர்ஸ் அணியை 19க்கு 18 என்ற கணக்கில் வென்றது. நாற்பத்தெட்டு நிமிஷ ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து எடுத்த புள்ளிகள் 37தான். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு காலத்தைக் கடத்துவதை அக்காலத்து விதிகள் தடுக்கவில்லை. சிராக்யூஸ் நேஷனல்ஸ் அணியின் உரிமையாளரான டேனி பயசோன், விறுவிறுப்பான ஆட்டங்களில் இரு அணிகளும் சேர்ந்து ஏறக்குறைய 120 முறை கூடையை நோக்கி எறிவதைக் கவனித்து, ஆட்டத்தின் 2,880 விநாடிகளை 120ஆல் வகுத்து, 24 விநாடிக்குள் பந்தை எறிந்தே ஆகவேண்டும் என்ற விதிக்கு வழிகாட்டினார். 1954-55ஆம் பருவத்தில் அது அமலுக்கு வந்தது. முந்திய பருவத்தில் ஆட்டத்துக்கு ஓர் அணியின் சராசரி 79.5 புள்ளிகள், விதி வந்த பருவத்தில் 93.1. ஒரே ஆண்டில் லீக்கின் ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் எறிதிறன் அவ்வளவு கூடிவிட்டதென்று யாரும் சொல்லமாட்டார்கள். கிடைத்த வாய்ப்புகளே அதிகமாயின.

ஆகவே அறிஞர்கள் ஆட்டத்தை நிமிஷத்தால் அளப்பதை விட்டுத் தாக்குதல் வாய்ப்பால் அளக்கத் தொடங்கினார்கள். ஓர் அணியின் கையில் பந்து வந்ததிலிருந்து, அது கூடையில் விழுந்தோ, தவறி எதிரியின் கைக்குப் போயோ, எறியாமலே பறிபோயோ முடியும் வரை ஒரு வாய்ப்பு. ஆட்டத் தாளிலுள்ள எண்களைக் கொண்டே இதை மதிப்பிடலாம்: எறிந்த பந்துகளின் எண்ணிக்கையோடு ஃப்ரீ த்ரோக்களில் 0.44 பங்கைக் கூட்டி, எதிரியின் கூடையடியில் தாங்களே மீட்டெடுத்த ரீபவுண்டுகளைக் கழித்து, பறிகொடுத்த பந்துகளைக் கூட்ட வேண்டும். ஃப்ரீ த்ரோவை முழுமையாகக் கூட்டாததன் காரணம், அவை பெரும்பாலும் இரண்டு இரண்டாக வருவதும், சில வேளை கூடையில் விழுந்த எறிதலுக்கு உபரியாக ஒன்று வருவதுமே. ஓர் அணி 65 முறை எறிந்து, 20 ஃப்ரீ த்ரோ பெற்று, 12 ரீபவுண்டுகளை மீட்டு, 14 முறை பந்தை இழந்திருந்தால், 65உடன் 8.8ஐக் கூட்டி, 12ஐக் கழித்து, 14ஐக் கூட்ட, ஏறக்குறைய 76 வாய்ப்புகள். இப்போது மேற்சொன்ன 80 புள்ளி அணிக்குத் திரும்புவோம். அது சென்ற ஆண்டு ஆட்டத்துக்கு 70 வாய்ப்புகளில் 80 புள்ளிகளும், இவ்வாண்டு 80 வாய்ப்புகளில் 88 புள்ளிகளும் எடுத்திருந்தால், நூறு வாய்ப்புக்குச் சென்ற ஆண்டு 114, இவ்வாண்டு 110. ஓட்டம் கூடிற்று, திறன் குறைந்தது. புள்ளிப் பட்டியலோ நேர்மாறாகச் சொல்லும்.

வெற்றி எண்ணிக்கை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு, அமெரிக்காவின் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் எனக்குத் தெரிந்து இல்லை. 2015-16ஆம் பருவத்தில் அவ்வணி 82 ஆட்டங்களில் 73ஐ வென்று, அமெரிக்க லீக்கின் சரித்திரத்தில் எவரும் எட்டாத உயரத்தை எட்டியது. அடுத்த பருவத்தில் 67தான். ஆறு வெற்றி குறைவு. ஆனால் முதற்பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 114.9 எடுத்து 104.1 கொடுத்தவர்கள், அடுத்த பருவத்தில் 115.9 எடுத்து 104.3 கொடுத்தார்கள், புள்ளி வித்தியாசம் 10.8இலிருந்து 11.6ஆக உயர்ந்தே இருந்தது. பேஸ்பால் ஆட்டத்துக்காக பில் ஜேம்ஸ் வகுத்ததும் பின்னர் டேரல் மோரி கூடைப்பந்துக்கு இசைவாக்கியதுமான ஒரு சூத்திரம் உண்டு. எடுத்த புள்ளிகளை 14க்கு நெருங்கிய ஓர் அடுக்குக்கு உயர்த்தி, கொடுத்த புள்ளிகளையும் அவ்வாறே உயர்த்தி, இரண்டின் கூட்டுத்தொகையால் முதலாவதை வகுத்தால், அந்த அணி வென்றிருக்கத்தக்க விகிதம் கிடைக்கும். அதன்படி பார்த்தால் 73 வென்ற பருவத்துக்கு 65 வெற்றியே எதிர்பார்க்கத்தக்கது; 67 வென்ற பருவத்துக்கு ஏறக்குறைய அதே 67. முதற்பருவத்தில் நெருக்கமான ஆட்டங்கள் பலவற்றில் காற்று அவர்கள் பக்கம் அடித்தது. அவ்வாண்டு இறுதிச் சுற்றில் மூன்றுக்கு ஒன்று என முந்தியிருந்தும் கிளீவ்லாந்திடம் தோற்றார்கள். மறு ஆண்டு, கெவின் டூரன்ட் சேர்ந்த பின், இறுதிக்கட்ட ஆட்டங்களில் 16ஐ வென்று ஒன்றே ஒன்றில் தோற்றுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார்கள். குறைந்த வெற்றி பெற்ற பருவத்து அணியே மேலான அணி என்று நான் சொல்வேன்.

மிகச் சிறந்த பருவத்துக்கு அடுத்த பருவம் பெரும்பாலும் சற்றே தாழ்ந்திருப்பதன் இரகசியத்தை இந்த ஆட்டம் பிறப்பதற்கு முன்னமே கண்டவர் பிரான்சிஸ் கால்டன். 205 பெற்றோர் இணைகளின் உயரங்களையும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேரின் உயரங்களையும் ஆராய்ந்து, 1886இல் அவர் வெளியிட்ட முடிவின் சாரம் இது: மிக நெடிய பெற்றோரின் பிள்ளைகள் நெடியவர்களே ஆயினும் பெற்றோர் அளவுக்கு நெடியவர்கள் அல்லர், மிகக் குறுகிய பெற்றோரின் பிள்ளைகளும் அவ்வாறே நடுவை நோக்கி நகர்கிறார்கள். உச்சத்தில் நிற்கும் எதிலும் உண்மையான மேன்மையோடு நல்லதிர்ஷ்டமும் கலந்தே இருக்கும். மேன்மை அடுத்த முறையும் உடன்வரும், அதிர்ஷ்டம் வரவேண்டிய கட்டாயம் இல்லை. வெற்றி பெற்ற பின் அணிக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது, உழைப்புக் குறைந்துவிட்டது என்று எழுகிற புகார்களில் பாதிக்கு மேற்பட்டவை, கால்டன் கண்ட இந்த இயற்கை நியமத்தை அறியாததால் எழுபவை என்பது என் எண்ணம்.

இவ்வளவு சொன்னதால் மாறுதல் என்பதே மாயை என்று கொள்ளலாகாது. அமெரிக்காவின் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி 1995-96இல் 59 ஆட்டங்களை வென்றது. மறு பருவத்தில், அணியின் தூணான டேவிட் ராபின்சன் காயத்தால் ஆறு ஆட்டங்களே ஆட முடிந்தபோது, 20ஐ மட்டும் வென்றது. அதற்கடுத்த பருவத்தில் அவர் திரும்பிவர, புதிதாக டிம் டங்கனும் சேர, 56. எந்தத் தற்செயலும் 39 வெற்றிகளை விழுங்காது. ஐந்தே பேர் களத்தில் நிற்கும் ஆட்டத்தில் ஒருவரின் வரவும் போக்கும் கால்பந்தைவிடப் பன்மடங்கு கனமானவை. டிராகன்ஸின் 2015-16ஆம் பருவத்திலும் இதைக் காண்கிறோம். அமெரிக்கப் பல்கலைக்கழக ஆட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட முறை சக ஆட்டக்காரருக்குக் கூடை அமைத்துக் கொடுத்தவர்கள் அதுவரை நால்வரே. அவர்களில் ஒருவரான ஜேசன் பிரிக்மன் அந்தப் பருவத்தில் டிராகன்ஸின் பந்தை நடத்தினார். தூரத்திலிருந்து எறிவதில் வல்லவரான மேத்யூ ரைட் அவருக்குப் பக்கத்தில் இருந்தார். கிண்ணம் வென்ற பிறகு பயிற்றுநர் ஏரியல் வான்கார்டியாவும் ரைட்டும் பிலிப்பீன்ஸின் ஃபீனிக்ஸ் அணிக்குச் சென்றார்கள். பிரிக்மனும் வேறு அணிக்குப் போனார்.

எதிரிகளும் மாறுகிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். 2014இல் ஆசியான் லீக்கில் இருந்த இந்தோனேசியாவின் லாஸ்கார் ட்ரேயா 2015-16இல் இல்லை, பிலிப்பீன்ஸிலிருந்து எம்.எக்ஸ்.3 கிங்ஸ் வந்தது. 2016-17இல் ஹாங்காங்கின் ஈஸ்டர்ன் அணி புதிதாய் நுழைந்து, நுழைந்த பருவத்திலேயே கிண்ணத்தைக் கவர்ந்தது. இத்தகைய அணி ஒன்று வந்து சேர்ந்த லீக்கில் பெறும் 12 வெற்றி, அது இல்லாத லீக்கில் பெற்ற 12 வெற்றிக்குச் சமமாகாது. ஆதலால் புள்ளி வித்தியாசத்தைக் கணக்கிடும்போது, எதிரணிகளின் சராசரி வித்தியாசத்தையும் சேர்த்துத் திருத்திக்கொள்வது முறையாகும்.

எந்த அங்கத்தில் அணி மாறியது என்று அறிய டீன் ஆலிவர் என்பவர் 2004இல் வெளியிட்ட நூலில் நான்கு காரணிகளைப் பிரித்துக் காட்டினார்: எறிதலின் துல்லியம், பந்தை இழக்காமை, ரீபவுண்டு, ஃப்ரீ த்ரோ. வெற்றியில் இவற்றின் பங்கு முறையே நூற்றுக்கு 40, 25, 20, 15 என்பது அவருடைய மதிப்பீடு. துல்லியமே தலையாயது, ஆனால் இருபது ஆட்டங்களில் அதை நம்பகமாக அளப்பது கடினம். ஆட்டத்துக்கு 20 மூன்று புள்ளி எறிதல் என்று வைத்தால் பருவத்துக்கு 400. அவற்றில் 35 சதவீதம் விழும் அணிக்கு, தற்செயலாலேயே 2.4 சதவீதம் ஏறியும் இறங்கியும் வரும். சென்ற ஆண்டு 33, இவ்வாண்டு 37 என்றால்கூட, அது பயிற்சியின் பலன் என்று சத்தியம் செய்ய முடியாது.

கிள்ளானிலும் ஷா ஆலமிலும் பள்ளித் திடல்களில் ஆடும் நம் பிள்ளைகளின் அணிகளுக்கு இது மிகவும் பயன்படக்கூடிய செய்தி. ஒரு கோடிட்ட நோட்டுப் புத்தகமும் பென்சிலும் பொறுமையுள்ள ஒரு மாணவியும் இருந்தால் போதும்: தாக்குதல் வாய்ப்பு முடியும்தோறும் ஒரு கோடு, பந்து எறியாமல் பறிபோனால் அந்தக் கோட்டின்மேல் ஒரு வட்டம். ஆட்டத்துக்கு 70 வாய்ப்பு, பருவத்துக்கு 20 ஆட்டம் என்றால், 1,400 கோடுகள் சேர்ந்துவிடும். நானூறு எறிதல்களைக் காட்டிலும் இது மிகப் பெரிய சான்று. பந்தை இழக்கும் வீதத்தில் தற்செயலின் அசைவு இங்கே ஒரு சதவீத அளவே. சென்ற பருவத்தில் நூற்றுக்கு 20 வாய்ப்புகளை வீணாக்கிய அணி இந்தப் பருவத்தில் 16ஐ மட்டும் வீணாக்கியிருந்தால், அவ்வளவு பெரிய இறக்கம் வெறும் தற்செயலால் நேர்வது நூற்றுக்கு ஒரு முறைகூட இராது. வெற்றி எண்ணிக்கை 12இலிருந்து 10க்கு இறங்கியிருந்தாலும், அந்த அணியின் பயிற்றுநரை மாற்றாமல் வைத்துக்கொள்வதற்கு அதுவே போதிய காரணம்.